முள்ளிவிளைப் பிள்ளைகளின் கையில் விழுந்த கட்டங்கள்

ஜெபக்கனி டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிம வரிசை அட்டவணையை நடத்திய மறுநாள் காலையில், முள்ளிவிளையில் அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் இடது மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு சின்னக் கட்டத்தோடு எழுந்தார்கள். தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒரு சதுரம், மச்சத்தின் நிறம், மேலே ஓர் எண், அதன் கீழே ஒன்றோ இரண்டோ இங்கிலீஷ் எழுத்து. தாய்மார் முதலில் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், பிறகு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், பிறகு பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தார்கள், அப்புறமும் போகாததால் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க பிள்ளைக்கும் வந்திருக்கா?" என்று கேட்டார்கள். வந்திருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகத் திரும்பி வந்து இட்லிக்குச் சட்னி அரைத்தார்கள். நடக்காதது நடப்பதைப் பற்றி முள்ளிவிளைக்காரர்களுக்குக் கவலை கிடையாது. அது தங்கள் வீட்டில் மட்டும் நடந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஜெபக்கனிக்கு இந்த ஊரின் மேல் மரியாதை என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நூலகத்துக்கென்று கட்டிய கட்டடத்தில் கல்யாணப் பந்திப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கிற ஊர், கோயில் கொடைக்கு மேளம் அடிக்க வருகிறவனிடம்கூட எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுத்தான் எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்று முடிவு செய்கிற ஊர், பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் அதன் முகத்தைப் பார்க்குமுன் காதோரத்து நிறத்தைப் பார்த்து, வளர்ந்தால் கறுத்துவிடும் என்று சொல்லிவிட்டு வருகிற ஊர். இந்த ஊரில் பத்துப் பேர் கூடினால் அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு வரிசை போட்டுவிட்டுத்தான் மூச்சே விடுவார்கள் என்பது அவளுடைய எண்ணம், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்படி ஊரும் எதுவும் செய்ததில்லை.

ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஒரு பாடத்தை நடத்தும்போது மட்டும் அவள் குரல் இளகிவிடும். படத்தைச் சுவரில் மாட்டி, பிரம்பை எடுத்து, ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு அவள் சொல்ல, பிள்ளைகள் பின்னால் சொல்ல, அந்த ஓசை ஓட்டுக் கூரையில் பட்டு, வராந்தாவில் படுத்திருக்கும் நாய்களை எழுப்பி, மைதானத்துக்கு அப்பால் உப்பளம் வரைக்கும் போகும். "உங்க ரத்தத்துல ஓடுத இரும்பும் பஸ் ஸ்டாண்டு ஷட்டர்ல இருக்க இரும்பும் ஒரே இரும்புதான்," என்று அன்றைக்கும் சொன்னாள். "எண்ணு பெரிசுன்னா ஆளு பெரிசுன்னு அர்த்தம் இல்ல. அணுவுக்குள்ள எத்தன புரோட்டான் இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. இதுல ஒசந்த கட்டம் தாழ்ந்த கட்டம்னு எவனாவது சொன்னா, அவன் பாடம் படிக்கலன்னு தெரிஞ்சுக்கிடுங்க."

பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். மறுநாள் வகுப்பில் அவள் கையை நீட்டச் சொன்னபோது கூச்சமில்லாமல் நீட்டினார்கள். வாய் ஓயாத ஒருத்திக்கு யாரோடும் சேராத நியான் விழுந்திருந்தது. கபடிக் குழுவில் மெலிந்த பையனுக்குக் கந்தகம். "டீச்சர், எனக்கு கால்சியம், நான் எலும்புல இருக்கேன்," என்றான் ஒருவன். "நீ எலும்பாத்தான் இருக்க," என்றாள் அடுத்த பெஞ்சுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். இது எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் ஒரே ஒரு பாடமாவது பிள்ளைகள்மேல் ஒட்டியதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது, மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டது. தங்கம் யாருக்கு விழுந்திருக்கு?

தங்கம் மதிவதனிக்கு விழுந்திருந்தது. எழுபத்தொன்பது, Au. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளை. அவள் அம்மா செல்லக்கிளி மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள், அப்பா இல்லை, மீன் வாடை அடிக்கிறது என்று சொல்லி அவள் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாதென்று பெற்றோர் கூட்டத்தில் தீர்மானமே போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் அதே பெற்றோர்கள் செல்லக்கிளி வீட்டு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி மதிவதனியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நகைக்கடைக்காரர் ஒருவர் புதுக் கடையைத் திறந்து வைக்கப் பிள்ளையை அனுப்பும்படி கேட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை என்றும் பாராமல், இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம் என்று தன் மகனுக்குப் பெண் கேட்டு ஒருவர் தட்டோடு வந்துவிட்டார். செல்லக்கிளி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையிலிருந்த அரிவாள்மணையைக் கீழே வைக்காமலே, "பிள்ள படிக்கணும்யா," என்று மட்டும் சொன்னாள்.

கார்பன் இரண்டு பேருக்கு விழுந்திருந்தது. ஒருவன் டீக்கடைக்காரர் மகன் சாமுவேல், இன்னொருவன் விஷ்ணுவரதன். விஷ்ணுவரதன் பள்ளிக்கூடத் தாளாளர் பொன்னையாவின் பேரன், பொன்னையாவுக்கு ஊரில் அரிசி ஆலை, ஐஸ் ஃபேக்டரி, கல்யாண மண்டபம், அது போக பள்ளிக்கூடம். பேரனுக்குக் கரி விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்க அவர் சாப்பிடவில்லை என்றார்கள். அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில் ஹெட்மாஸ்டர் குருபாதம் மைக்கைப் பிடித்து, கார்பன் என்றால் வைரம், வைரத்தைவிடக் கெட்டியான பொருள் உலகத்தில் இல்லை, நம் தாளாளர் ஐயாவின் பேரன் வைரம் என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சாமுவேலும் கைதட்டினான், தனக்கும் அதே ஆறாம் எண்தானே என்று. ஆனால் அன்றிலிருந்து ஊர் விஷ்ணுவரதனை வைரம் என்றும் சாமுவேலைக் கரி என்றும் கூப்பிட்டது, ஒரே எழுத்து, ஒரே எண், ஒரே வகுப்பு. ஜெபக்கனி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமல் அந்த அறிவிப்பை நினைத்து நினைத்து, இந்த ஊர்க்காரர்களிடம் சூரியனைக் கொடுத்தால்கூட முதல் வெயில் யார் வீட்டுக்கு என்று அடித்துக்கொள்வார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வைரமாக்கியும் பொன்னையாவுக்கு ஆறவில்லை. வைரம் என்பது எடுத்துச் சொன்னால்தான் தெரிகிறது. தங்கம் பார்த்தவுடனே தெரிகிறது. அவர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிரே நாற்காலியைக் காட்டினார். அவளுக்கு முந்தி வேலைக்குச் சேர்ந்த டீச்சர்களுக்கே அந்த நாற்காலி கிடைத்ததில்லை.

"ஒரு தப்பு நடந்திருக்குல்லா டீச்சர்," என்றார். "நீங்க பேரு வாசிக்கயில என் பேரன் தண்ணி குடிக்கப் போயிருக்கான். அந்த நேரத்துல தங்கம் தாண்டிப் போயிருச்சு. ஜன்னல் பக்கம் இருந்த பிள்ள மேல விழுந்துட்டு."

"அப்படி விழுகதுக்கு அது பல்லி இல்லீங்கய்யா."

அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. "மறுபடியும் ஒருக்கா நடத்துங்க. பிள்ளைகளை ஒழுங்கா, வரிசைப்படி உட்கார வெச்சு நடத்துங்க. யாருக்கு எது போகணுமோ அது போயிரும்."

"வரிசைன்னா எந்த வரிசைங்கய்யா? பேர் வரிசையா, உயர வரிசையா?"

"ஊருக்குன்னு ஒரு வரிசை இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்ததால்தான் அவள் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். பொன்னையா அவளை ஒன்றும் செய்யவில்லை. மதிவதனி கையில் இருப்பது போலி, பச்சை குத்தியது என்றும், பள்ளிக்கூடத்தை ஏமாற்றியதற்காக அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாமா என்று யோசிப்பதாகவும் மார்க்கெட்டில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார், அதுவே போதுமானதாக இருந்தது. கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள்தான் முதலில், "நான் அப்பமே நெனச்சேன்," என்றாள்.

மறுநாள் காலை செல்லக்கிளி மகளைக் கூட்டிக்கொண்டு ஜெபக்கனி வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிள்ளையின் மணிக்கட்டில் ஈரத் துணி சுற்றியிருந்தது. டீச்சர் துணியை அவிழ்த்தாள். செதில் சுரண்டுகிற தகட்டால் சுரண்டி, கல்லுப்பைப் போட்டுத் தேய்த்த தோல் சிவந்து நீர் கோத்திருக்க, அதற்குள்ளிருந்து எழுபத்தொன்பது ஒரு கோடுகூடக் கலையாமல் தெரிந்தது.

"யாரு செஞ்சது?"

"நாந்தான் டீச்சரம்மா," என்றாள் செல்லக்கிளி. அழவில்லை. "இது இருந்தா பிள்ளைய படிக்க விட மாட்டாவ. எங்களுக்குத் தங்கமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீங்கதான குடுத்தீய, நீங்களே எடுத்துருங்க."

மதிவதனி கையை இழுத்துக்கொண்டு, "எனக்கு வலிக்கல டீச்சர்," என்றாள். பொய் என்று அவள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஜெபக்கனி உள்ளே போய் மருந்து எடுத்து வந்து போட்டு, புதுத் துணி சுற்றினாள். ஊரைக் கேவலமாக நினைப்பது அவளுக்கு இதுவரை ஒரு சுகமாக இருந்தது, வெயிலில் வந்தவனுக்கு மோர் கிடைத்த மாதிரி. அன்றைக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பொன்னையாவிடம், சனிக்கிழமை நடத்துகிறேன் என்றாள்.

சனிக்கிழமை முள்ளிவிளையில் கடைகள் திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். பிள்ளைகளை வரிசைப்படி உட்கார வைப்பதாக வந்த பெற்றோர்கள், வரிசையில் தங்கள் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு, சட்டைக் காலரைப் பிடித்து, ஹெட்மாஸ்டர் கும்பிட்டுச் சமாதானம் செய்தபிறகு, சந்தேகம் தீராமல் பெஞ்சுகளில் தாங்களே ஏறி உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைத் தரையில் உட்கார்த்தினார்கள். முதல் பெஞ்சில் பொன்னையா, அவர் மடிக்கு நேரே கீழே விஷ்ணுவரதன், வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு. தண்ணீர் குடிக்க எழுந்துவிடாமல் இருக்க அவன் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு. மதிவதனியை வராந்தாவில் நிற்கும்படி ஹெட்மாஸ்டர் சொன்னார்.

"அந்தப் பிள்ள உள்ள வந்தாத்தான் நான் வாய் திறப்பேன்," என்றாள் ஜெபக்கனி. கொஞ்ச நேரம் எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். பிறகு மதிவதனி உள்ளே வந்து சாமுவேல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

ஜெபக்கனி பிரம்பை எடுத்தாள். ஹைட்ரஜன் என்றாள். பிள்ளைகளின் குரலோடு பெரியவர்களின் குரலும் சேர்ந்துகொண்டது, முதலில் மெதுவாக, பிறகு யாரும் யாருக்கும் குறையாமல். ஏனென்றால் பிள்ளைக்கு என்று வந்த ஒவ்வொருவருக்கும் வந்து உட்கார்ந்ததும் தனக்கும் ஒன்று கிடைத்தால் என்ன என்று தோன்றியிருந்தது. வாழ்நாளில் பாடப் புத்தகத்தைத் தொடாதவர்கள் மாலிப்டினம் என்றார்கள், ஆலை முதலாளிகள் அண்டிமனி என்றார்கள், சேலைத் தலைப்பால் வாயை மூடியே பேசிப் பழகியவர்கள் பிரசியோடைமியம் என்றார்கள். பிளாட்டினத்தைத் தாண்டி அவள் பிரம்பு நகர்ந்தபோது அந்த அறையிலிருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இடது கையை முன்னால் நீட்டினார்கள், பிரசாதத்துக்கு நீட்டுகிற மாதிரி, ஒருவர் கையை ஒருவர் இடித்துக்கொண்டு. ஜெபக்கனி ஒரு கணம் நிறுத்தி அந்தக் கைகளைப் பார்த்தாள். தங்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பிள்ளைகள் கையில் எதுவும் மாறியிருக்கவில்லை. விஷ்ணுவரதன் கார்பனாகவே இருந்தான், மதிவதனியின் புண் ஆற ஆரம்பித்து, எழுபத்தொன்பது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவர் விடாமல் எல்லாருடைய மணிக்கட்டிலும் ஒரு கட்டம் வந்திருந்தது. கட்டத்துக்குள்ளே ஒன்றும் இல்லை. எண் இல்லை, எழுத்து இல்லை, வெறும் நாலு கோடு.

ஜெபக்கனிக்கும் அப்படித்தான். பல் தேய்க்கும்போது பார்த்தாள். ஊர்க்காரர்களுக்கு வெறும் கட்டம் வந்தது என்று பின்னால் கேள்விப்பட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்கு முன்னால் தன் கையைப் பார்த்தபோது வரவில்லை. தனக்கு ஏதோ ஒன்று விழுந்திருக்கும் என்று உள்ளூர அவளும் எதிர்பார்த்திருந்தாள், வெள்ளி இல்லாவிட்டாலும் செம்பாவது. அப்படி எதிர்பார்த்ததை நினைத்து, ஊருக்கென்று அவள் வைத்திருந்த அத்தனை இளக்காரத்தையும் அன்று முழுக்கத் தன்மேலேயே திருப்பிக்கொண்டு, சர்ச்சுக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தாள்.

ஊர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வெறுமையாக இருப்பது அவமானம் என்று நினைக்க அங்கே ஆள் கிடையாது. வெறும் கட்டம் என்றால் நமக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளலாம் என்று கொடுத்திருக்கிறது, இதுகூடத் தெரியாதா என்று ஹெட்மாஸ்டர் குருபாதம் டீக்கடையில் சொன்னார், சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. திருவிழாவில் மெஷின் வைத்துப் பச்சை குத்துகிற ஒருவனை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். பந்திப் பாத்திரங்கள் இருந்த நூலகத்தில் அவனுக்கு மேஜை போட்டார்கள். ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு எழுபத்தொன்பது குத்திக்கொண்டு போனார்கள். சிலருக்கு எழுத்து இடம் வலம் மாறிவிட்டது, ஒருவருக்கு எண் தலைகீழாக விழுந்துவிட்டது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரத்தில், டீச்சரும் தாளாளரும் போக, முள்ளிவிளையில் தங்கமில்லாத பெரியவர்களே இல்லை, ஆலை லாரி கிளீனர்கூடக் குத்திக்கொண்டான்.

அந்த லாரி கிளீனர் குத்திக்கொண்டதுதான் பொன்னையாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் டீச்சரைத் தேடிக்கொண்டு வகுப்பறைக்கே வந்தார். கட்டம் இன்னும் வெறுமையாக இருந்த கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

"எழுபத்தொம்பதுக்கு மேல எண்பது இருக்குல்லா?"

"இருக்குங்கய்யா."

"அது தங்கத்த விடப் பெரிசுதான?"

"எண்ணு பெரிசுதான்."

"எழுத்து என்ன?"

அவள் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள், H, g. "லத்தீன் பேரு. ஹைட்ரார்ஜிரம்."

பொன்னையா அந்தப் பேரை வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஹைட்ரார்ஜிரம். ஒரு ராஜாவின் பேர் மாதிரி இருந்தது. ஊரில் யாருக்கும் வாயில் நுழையாது என்பதால் இன்னும் பிடித்துப்போயிற்று. தமிழில் அது என்ன என்று அவர் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலேயே படம் மாட்டியிருந்தது, திரும்பிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அவர் நேரே நூலகத்துக்குப் போய் எண்பதைக் குத்திக்கொண்டார், மற்றவர்களுடையதைவிடத் தடிப்பாக.

அதன்பிறகு எழுபத்தொன்பது என்பது லாரி கிளீனர்களுக்கான எண் ஆகிவிட்டது. மதிவதனியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போலி என்று சொன்னவர்கள் அப்படிச் சொன்னதையே மறந்துபோனார்கள், மாற்றுச் சான்றிதழ்ப் பேச்சு நின்றுவிட்டது, தட்டோடு வந்தவர் வேறு வீட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். செல்லக்கிளி மகளின் கையிலிருந்த துணியை அவிழ்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

அன்றைக்குத்தான் மதிவதனி வகுப்பு முடிந்து மேஜைக்கு வந்து, டீச்சரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஒண்ணும் எழுதலையா டீச்சர்?"

"இல்ல மக்ளே."

"ஏன்?"

ஜெபக்கனி யோசித்தாள். "எனக்கு என்னன்னு இன்னும் தெரியல," என்றாள். இத்தனை வருஷ வேலையில் ஒரு பிள்ளையிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மதிவதனி சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது போல.

அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகளே கேட்டார்கள். "டீச்சர், எண்பது பத்திச் சொல்லுங்க." கேட்ட முகங்களில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது, ஏனென்றால் அவர்கள் படத்தைப் பார்த்திருந்தார்கள். ஜெபக்கனி அந்தச் சிரிப்பைப் பார்க்காத மாதிரி பாடத்தை நடத்தினாள். பாதரசம். உலோகந்தான், ஆனால் தண்ணீர் மாதிரி ஓடும். பளபளவென்று இருக்கும், எதிலும் ஒட்டாது, கீழே விழுந்தால் சிதறி மூலை முடுக்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். விஷம். "அதனால எப்பமும் எந்தக் காரணத்துக்கும் கையால தொடக் கூடாது," என்றாள். விஷ்ணுவரதன் எல்லாவற்றையும் கவனமாக எழுதிக்கொண்டான்.

சுதந்திர தினத்தன்று மைதானத்தில் பொன்னையா கொடியேற்றினார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். எண்பது என்று ஹெட்மாஸ்டர் மைக்கில் சொல்ல, பேரை உச்சரிக்க முடியாமல் தடுமாற, பொன்னையா அவரே மைக்கை வாங்கி ஹைட்ரார்ஜிரம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஊர் மலைத்துப்போய்க் கைதட்டியது. பிறகு மிட்டாய்த் தட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே கொடுப்பேன் என்று எட்டாம் வகுப்பு வரிசைக்கு வந்தார்.

முதலில் நின்ற சாமுவேல் ஓரடி பின்வாங்கி, சட்டையின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, மிட்டாய் அதற்குள் விழும்படி நின்றான். அடுத்தவனும் அப்படியே செய்தான். அதற்கடுத்தவளும். ஒருவர் விடாமல், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், சிரிக்காமல், தலையைக் குனிந்து, துணியை ஏந்தி, அவர் கை தங்கள் மேல் பட்டுவிடாதபடி வாங்கினார்கள். மதிவதனி தாவணியை விரித்தாள். வரிசையின் கடைசியில் விஷ்ணுவரதன், தாத்தாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவனும் சட்டையை விரித்தான்.

பொன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காலித் தட்டோடு ஜெபக்கனியிடம் வந்தார். "இப்பத்தான் டீச்சர் பிள்ளைகளுக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றாள் ஜெபக்கனி. "நல்லாப் படிச்சிருக்காங்க."